பிஸ்கட் டின்னில் துரு பிடிக்காது

பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதைப் பதினாறு வருடமாகத் தரம் பத்துக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மூன்று சோதனைக்குழாய், மூன்று ஆணி. ஒன்றில் சாதாரணத் தண்ணீர். ஒன்றில் கொதித்து ஆறிய தண்ணீரும் அதன் மேல் கொஞ்சம் எண்ணெயும். ஒன்றில் ஈரமே இல்லாத காற்று. ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் முதல் ஆணி மட்டும் சிவந்திருக்கும். அந்தப் படத்தைப் பலகையைப் பார்க்காமலே வரைவேன். அப்படிப்பட்டவளின் வீட்டு வாசலில்தான் ஒரு முழுக் கார் விடிவதற்குள் துருப்பிடித்தது.

என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். டவுனுக்கு மேலே, தொழிற்சாலையை ஒட்டிய குவாட்டர்ஸில் குடியிருக்கிறோம். எந்த இயந்திரத்தைக் கண்டாலும் கழற்றிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மடுல்சீமைப் பக்கம் ஒரு பங்களாவின் கராஜில் பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று பல வருடமாகக் கிடந்தது. அந்த இடத்தில் மாடு கட்ட வேண்டும் என்று பங்களாக்காரர் சொன்னதும், மாட்டுக்கு வழிவிடுவதற்காக இவர் காரை வாங்கிக்கொண்டார். கொழுந்து லொறியின் பின்னால் கயிறு கட்டி, அத்தனை வளைவிலும் பிரேக் இல்லாமல் இழுத்துவந்தார்கள். ஆமை முதுகு மாதிரிக் கூரை. வந்த அன்றே எங்கள் வரிசையில் எல்லோரும் அதற்கு ஆமைக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எஞ்சினை இரண்டு மாதத்தில் ஓட வைத்துவிட்டார். அது அவருக்குக் கை வந்த வேலை. பாடிதான் தொல்லை. வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே யாரோ தூரிகையால் பூசிய கதவுப் பெயின்ட். எல்லாவற்றையும் உரித்து வெற்றுத் தகட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

"ஒரு கதவை மட்டும் முதல்ல உரிங்க. அதுக்கு அடிப்பூச்சா பிரைமர் அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போங்க" என்றேன்.

"சரி" என்றார்.

டிசம்பர் விடுமுறை. நான் மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போய், வெலிமடை பஸ்ஸில் வந்திறங்கிய கரட்டையும் லீக்ஸையும் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் கூரை, பொனட், கதவுகள் எல்லாவற்றையும் உரித்து முடித்திருந்தார். இரும்பு தேய்க்கும் இரவல் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டியிருந்தார். முகம் முழுக்க சாம்பல் தூசி, கண் இரண்டு மட்டும் மனிதனுடையது. கார் கல்யாண வீட்டு எவர்சில்வர் அண்டா மாதிரி மின்னியது.

"எப்புடி இருக்கு?"

நன்றாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. வாசலில் கார் நின்ற கொட்டகைக்குக் கூரை மட்டும் உண்டு, மூன்று பக்கமும் திறப்பு, பள்ளத்திலிருந்து அப்போதே பனி ஏறிக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன். அவர் காதில் கிரைண்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது போல.

காலையில் வாசலில் இருந்து கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கார் செம்மஞ்சளாக இருந்தது. பொனட் மேல் பனித்துளிகள் ஓடிய வழியெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது.

"யாரோ மிளகாய்த் தூளைத் தூவி விட்டிருக்காங்க" என்றார். விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். முந்தின நாள் பக்கத்து வீட்டு அக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தது வேறு அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அது துருங்க."

"துருவா? நேத்து சாயந்தரம்தானே உரிச்சேன்!"

"அதுக்கு நேத்து, இன்னைக்கெல்லாம் தெரியாது. தண்ணியும் ஒட்சிசனும் இருந்தா போதும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒட்சிசனை நான்தான் கொண்டுவந்து வைத்த மாதிரி ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

துருவை மறுபடி உரிக்கலாம். ஆனால் உரித்த கையோடு எதையாவது பூசியாக வேண்டும். என்ன பூசுவது என்பதில்தான் குடும்பம் இரண்டு மாதம் ஓடியது.

முதலில் பாஸைக் கூப்பிட்டோம். பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்த ஆள். இந்த பாஸ் பெயின்ட் அடிப்பவர். ரோட்டு வளைவில் ஒரு கொட்டகை போட்டு, தோட்டத்து லொறி, வேன், த்ரீவீல் எல்லாவற்றுக்கும் அவர்தான் வர்ணம். ஐம்பது வயதிருக்கும். அவருடைய கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அந்தக் கிழமை எந்த வாகனத்துக்கு வர்ணம் அடித்தார் என்று சொல்லிவிடலாம். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"இதுக்கெல்லாம் யோசிப்பாங்களா டீச்சர்? சாதாரண சிவப்பு பிரைமர், ரெட் ஒக்சைட் அடிங்க. பெக்டரி கூரைக்கு என்ன அடிச்சிருக்கு? ஆத்துப் பாலத்துக்கு என்ன அடிச்சிருக்கு?"

"பாலத்து மேல நாம பளபளன்னு கார் பெயின்ட் அடிக்கிறதில்லையே பாஸ்."

கொஞ்சம் யோசித்தார். "அது பாலத்தோட குறை" என்றார்.

டவுனில் பெயின்ட் கடை முதலாளி வேறு சொன்னார். வெற்று இரும்பென்றால் எட்ச் பிரைமர்தான், வேறு பேச்சே இல்லை என்று டின்னை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல அசிட் இருக்கு டீச்சர். இரும்பைக் கடிச்சுப் புடிச்சிக்கும்." எப்படிப் பிடிக்கும் என்று பல்லைக் கடித்துக் காட்டவும் செய்தார். அவ்வளவு உறுதியாகக் கடிக்கும் ஒருவரிடம் எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

என் கணவர் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு எபொக்சி பிரைமர் என்று நின்றார். வீடியோவில் வந்தவரின் கராஜ் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தை விடப் பெரியது. வெளியே வெயில் கொளுத்தியது. அந்த ஊரில் பனி என்ற சொல்லே இருக்காது போலிருந்தது. "ரெண்டு டின் கலக்கணும். காஞ்சா காத்தும் போகாது, தண்ணியும் போகாது" என்றார்.

படிப்பின்படி அவர் சொன்னதுதான் சரி. காற்றையும் தண்ணீரையும் மறித்தால் துரு இல்லை. ஆனால் பதினாறு வருட ஆசிரியை, போனில் வந்த ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்றுக்கொள்ள முடியுமா?

"பரிசோதிச்சுப் பாப்போம்" என்றேன்.

இந்தச் சொல்லை வீட்டில் கேட்டாலே அவர் அலமாரியைப் பூட்டுவார். போன முறை நான் பரிசோதித்தது மூன்று விதமான சவர்க்காரத்தை. பரிசோதிக்கப்பட்டவை அவருடைய சட்டைகள்.

காரை பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தோம். எப்படியும் மறுபடி உரிக்கத்தான் போகிறோம், அதுவரை துருப்பிடித்தால் பிடிக்கட்டும் என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். அவர் சமாதானமாகவில்லை. தினமும் காலையில் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வருபவர் மாதிரி வருவார்.

வீட்டில் பண்டிகைக்கு வந்த பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. நான்கு மூடிகளை எடுத்தேன். உள்பக்கம் வர்ணம் இல்லாமல் வெள்ளையாக மின்னியது, தேடினாலும் கிடைக்காத வெற்றுத் தகடு. ஒன்றாம் நம்பருக்கு எதுவும் பூசவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாம் நம்பருக்கு பாஸ் கொடுத்த ரெட் ஒக்சைட். மூன்றுக்குக் கடை முதலாளி ஜாம் போத்தலில் ஊற்றிக் கொடுத்த எட்ச். நான்குக்கு எபொக்சி. ஆணியால் ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டு, கம்பி கோர்த்து, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டேன். மழை இரவும் பகலும் பெய்தது. காற்றடித்தால் நான்கும் மோதிக்கொண்டு கணகணவென்று சத்தம் போடும்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கருகே வந்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்து இப்போது ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரியும்.

"டீச்சர், இது என்ன நேத்திக்கடனா?"

"இல்லக்கா. துரு வருதான்னு பாக்கிறோம்."

"வந்தா நல்லதா, வராட்டி நல்லதா?"

"வராட்டி நல்லது."

"அப்ப ஏன் மழையில தொங்கப் போட்டிருக்கீங்க? வீட்டுக்குள்ள வச்சா வராதே."

இதற்கு என்னிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது. சொல்லத் தொடங்கியபோது அவர் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிப் போய்விட்டார்.

பத்தாம் நாள் கணவரையும் பாஸையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மூடிகளை இறக்கினேன். இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் நன்றாக இருந்தன. ஒன்றாம் நம்பரைத் திருப்பினேன். ஒன்றுமே பூசாத அந்த மூடி, முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஒரு புள்ளி துரு இல்லை.



"அப்ப பிரைமரே வேணாங்கிறியா?" என்றார் என் கணவர். குரலில் மரியாதை இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

பாஸ் மூடியை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். "நல்ல டின்" என்றார். "காரை இதுலயே செஞ்சிருக்கலாம்."

நான் மூடியைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்பி கோர்த்த துளையைச் சுற்றி மட்டும் மெல்லிய பழுப்பு வளையம். அப்போதுதான் விளங்கியது. பிஸ்கட் டின் வெறும் இரும்பு இல்லை. இரும்புக்கு மேல் வெள்ளீயம் பூசியது. ஆணி குத்திய இடத்தில்தான் இரும்பே வெளியில் வந்திருக்கிறது. துருவைத் தடுக்கும் முறைகள் என்று அதே பாடத்தில் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது: வெள்ளீயம் பூசுதல், உதாரணம், உணவு டின்கள். அந்த உதாரணத்தை எத்தனை வருடம் பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டிருப்பேன்!

வெளியே வந்து உண்மையைச் சொன்னேன். என் கணவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். கொட்டகைக்குப் போய், காருக்குப் பின்னால் நின்றுகொண்டு சிரித்தார். பிளாஸ்டிக் தாள் ஆடியது.

இரண்டாம் பரிசோதனைக்குக் காரின் தகட்டையே எடுத்தோம். அடித்தளத்தில் துருவால் உக்கிப்போன ஒரு பகுதியை அவர் ஏற்கெனவே வெட்டி எடுத்திருந்தார். அதில் நல்லதாக இருந்த ஓரத்தை நான்கு துண்டாக்கி, வெள்ளையாகும் வரை தேய்த்துக் கொடுத்தார். அதே நான்கு நம்பர், அதே வரிசை. காய்ந்தபின் பூசிய துண்டுகளில் ஆணியால் பெருக்கல் குறி மாதிரி ஆழமாகக் கீறிவிட்டேன், ரோட்டில் கல்லடி பட்டால் என்ன ஆகும் என்று பார்க்க. மறுபடி கொடி, மறுபடி மழை. இந்த முறை ஒன்றாம் நம்பர் மறுநாளே சிவந்தது. இரும்பு துருப்பிடித்ததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் கிழமையில் மூன்றாம் நம்பரைக் காணவில்லை. கம்பியோடு போயிருந்தது. எங்கே என்று தேடும்போதே வேலிக்கு அப்பால் கொய்யா மரத்தில் கணகணவென்று சத்தம்.

"அக்கா, அது எங்களோடது!"

"தெரியும் டீச்சர். அங்க டின்னு கட்டினதுல இருந்து குரங்கு உங்க பக்கம் வரவே இல்ல. எல்லாம் என் கொய்யாக்குத்தான் வருது. நாலு இருக்கே, ஒண்ணு எடுத்தா என்னன்னு எடுத்தேன்."

"அதுல எட்ச் பிரைமர் அடிச்சிருக்கு அக்கா."

"குரங்குக்கு அதெல்லாம் தெரியுமா?"

பழைய பிஸ்கட் மூடி நான்கையும் அவரிடம் கொடுத்து மூன்றாம் நம்பரை மீட்டேன். இரண்டு நாள் மரத்தில் இருந்தது பரிசோதனையைப் பாதிக்குமா என்று என் கணவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார். மரத்திலும் அதே மழைதான் என்றேன்.

மூன்று கிழமை முடிந்ததும் இறக்கினோம். ஒன்றாம் நம்பரைத் தகடு என்று சொல்ல முடியாது. ரெட் ஒக்சைட் அடித்ததில் கீறலிலிருந்து துரு அடியில் ஊர்ந்து போயிருந்தது. நகத்தால் தூக்கினால் சிவப்புத் தோல் அப்பளம் மாதிரி வந்தது. பாஸ் வானத்தைப் பார்த்து, "இந்த மழைக்கு எதுதான் நிக்கும்" என்றார். எட்ச் அடித்ததில் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். எபொக்சியில் கீறிய கோட்டில் மட்டும் துரு. கோட்டைத் தாண்டி ஒரு நூல்கூடப் போகவில்லை.

மூன்றாம் நம்பரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடை முதலாளியிடம் போனேன். பார்த்ததும் அவர் சிரித்தார்.

"டீச்சர், அது கடிக்கிறதுக்கு. மூடுறதுக்கு இல்ல. மேல இன்னொண்ணு அடிச்சாத்தான் தண்ணி போகாது. அப்புடியே மழையில போட்டா?"

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கொடியில தொங்கப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியுமா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். அப்படியானால் எட்ச் கடிக்கட்டும், அதன் மேல் எபொக்சி மூடட்டும், இரண்டையும் அடித்துவிடலாமே என்று கேட்டேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எபொக்சி டின்னின் பின்பக்கத்தைப் படித்தார். அசிட் உள்ளதன் மேல் அடிக்க வேண்டாம், சுத்தமான வெற்று இரும்பில் நேரே அடிக்கவும் என்று இருந்தது. இரண்டு பேரும் அன்றுதான் அதைப் படித்தோம். வீட்டுக்கு வந்து எபொக்சிதான் என்று அறிவித்தேன். "நான் அதைத்தானே ரெண்டு மாசமா சொல்றேன்" என்றார் கணவர். சொன்னது வேறு, நிரூபித்தது வேறு என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பொங்கல் கழிந்து, மழை ஓய்ந்து வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தோம். விடிந்ததிலிருந்து அவர் மறுபடி உரித்தார். உரித்த இடத்தை நான் தின்னர் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது, கை வியர்வையே போதும் துரு பிடிக்க என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அக்கா வந்து, "அட, வழவழன்னு இருக்கே" என்று பொனட்டைத் தடவினார். ஐந்து விரலும் பதிந்தது. மறுபடி துடைத்தேன்.

கலக்கும்போதுதான் பாஸுக்கும் எனக்கும் முட்டியது. அவர் பெரிய டின்னிலிருந்து ஊற்றினார், சிறிய டின்னிலிருந்து, பெயின்ட்டை இறுக வைக்கும் ஹார்ட்னரை மணக்கிறதா என்று பார்த்து ஊற்றப் போனார்.

"அளந்து ஊத்துங்க பாஸ்." கோடு போட்ட அளவுக் கிண்ணத்தை நீட்டினேன்.

"முப்பது வருசமா கண்ணளவுதான் டீச்சர்."

"இது அளவு தப்பினா காயவே காயாது."

மருந்து குடிக்கும் குழந்தையின் முகத்தோடு அளந்து ஊற்றினார். கலக்கி முடித்து, ஸ்பிரே கன்னில் ஊற்றப் போனவரை மறுபடி நிறுத்தினேன். அரை மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும் என்று டின்னோடு வந்த தாளில் இருந்தது.

"பெயின்ட் என்ன பாயசமா, ஆற வைக்க?"

தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி ஆனதும் ஸ்பிரே கன்னைத் தூக்கினார். அந்த வேலை அவருக்குத் தெரியும். கை ஒரே சீராகப் போய் வந்தது. கூரை, கதவு, பொனட், எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக, ஒரு வழிசல் இல்லாமல் மூடிக்கொண்டு வந்தது. முடித்துவிட்டு நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் போகுது" என்றார், எனக்குக் கேட்டுவிடுமோ என்ற குரலில்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரம் பாஸ் வாசலில் நின்றார். கையில் ஸ்பிரே கன். மூடியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்தார். எதுவும் விழவில்லை.

"மிச்சத்தை இன்னைக்கு டிக்கிக்குள்ள அடிக்கலாம்னு வச்சிருந்தேன் டீச்சர்."

உள்ளே எபொக்சி கல்லாகியிருந்தது. மூக்கு, குழாய், விசை எல்லாமே. ரெட் ஒக்சைட் என்றால் மூன்று நாள் கழித்தும் தின்னர் விட்டுக் கலக்கி அடிக்கலாம். அந்தப் பழக்கம். காற்றும் தண்ணீரும் போகாது, அளந்து ஊற்றணும், அரை மணி வைக்கணும் என்று இவ்வளவு பிரசங்கம் செய்த நான், முடித்ததும் கன்னைக் கழுவச் சொல்லவில்லை. அது தாளின் கடைசி வரியில் இருந்தது. எனக்கு மிகவும் வெட்கமாகப் போயிற்று. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. "இரும்பையே இப்புடிப் புடிச்சிருந்தா கார் இன்னும் நூறு வருசம் ஓடும்" என்றார்.

என் கணவர் கன்னைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் மெனக்கெட்டுக் கழற்றி, சுரண்டி, மாட்டினார். வேலை செய்தது. ஆனால் கொஞ்சம் இடப்பக்கமாகப் பீய்ச்சுகிறது. பாஸ் இப்போது எல்லா வாகனத்துக்கும் கொஞ்சம் வலப்பக்கமாக நின்று அடிக்கிறார். புதுக் கன் வாங்கித் தருகிறோம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, கை பழகிவிட்டதாம். லொறிக்காரர்களிடம், "வெத்து இரும்பா? எபொக்சிதான். ஆனா அளந்து ஊத்தணும்" என்று சொல்கிறார் என்று கேள்வி.

கார் ஓடத் தொடங்கியதும் மேல்வர்ணம் தீர்மானிக்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்ல டவுனுக்குப் போனோம். கடைத்தெருவில் நிறுத்தினால் உல்லாசப் பயணிகள் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா பொனட்டைக் காட்டி, இவ்வளவு அழகான சாம்பல் நிறத்துக்குப் பெயர் என்ன என்று கேட்டார். என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "எபொக்சி" என்றார். அந்த அம்மா அதை ஒரு சிறு புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அதோடு வர்ணப் பேச்சு நின்றுபோனது. வெளிநாட்டுக்காரர்களே விரும்பும் நிறத்தை எதற்கு மூட வேண்டும் என்றார். பிரைமர் என்பது உள்ளாடை மாதிரி, மேலே ஒன்று போட்டுத்தான் ஆக வேண்டும், வெயில் பட்டால் பொடிந்துபோகும் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் தொழிற்சாலைக் கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் புறப்பட்டவர், கதவில் சாய்ந்து யாரோடோ பேசிவிட்டுப் போய், கூட்டம் முழுக்க முதுகில் சாம்பலோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கிழமையே பாஸை வரச்சொன்னார். வெளிர் பச்சை அடித்தார்கள். நன்றாகவே இருக்கிறது.

இப்போது அடுத்த மழைக்காலம். மடுல்சீமைக்கும் வெலிமடைக்கும் போய்வருகிறோம், எல்லா வளைவிலும் பிரேக் பிடிக்கிறது. போன கிழமை காரைத் துடைக்கும்போது பின்கண்ணாடி ரப்பருக்குக் கீழே மிளகளவு ஒரு கொப்புளம் பார்த்தேன். அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது, உள்ளே துரு. அந்த மூலைக்குக் கிரைண்டரும் போயிருக்காது, என் துணியும் போயிருக்காது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் அன்றே முழுக் காரையும் உரித்துவிடுவார். முதலில் பள்ளிக்கூடம் விடுமுறை விடட்டும்.